மணமகன் குதிரைக்காரர் அல்லர்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் அன்பு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் உங்களைப் போலவே சாக்பீஸும் கையுமாக நின்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகு வகுப்பறை விவகாரங்களில் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கடந்த மாதம் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு ஒன்றில் நடந்தது என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

வாழ்த்திப் பேச வந்த ஒருவர் மைக்கைப் பிடித்தார். "குரூம் என்றால் என்ன? குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்துவிட்டு, தீனி போடுகிற வேலைக்காரன். அப்படியென்றால் பிரைடுகுரூம் யார்? பிரைடுக்கு அந்த வேலையெல்லாம் செய்கிறவன். வெள்ளைக்காரன் யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறான்" என்றார். மண்டபம் முழுவதும் சிரிப்பு. என் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் முறைப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. "உண்மைதான் பாட்டி. எங்கள் வகுப்பில் காம்பவுண்டு வேர்ட்ஸ் நடத்தும்போது இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த என் பழைய பாடக்குறிப்பு நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். கூட்டுச் சொற்கள் பாடத்தில், என் கையெழுத்திலேயே, அதே விளக்கம் இருந்தது. என் ஆசிரியர் எனக்குச் சொன்னார். சரிபார்க்காமல் நான் என் மாணவர்களுக்குச் சொன்னேன். அவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். அந்தப் பையனுக்குச் சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. யாரைக் கேட்டாலும் அந்தச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணி. அதனால்தான் உங்களோடு பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லுக்குள் குதிரைக்காரன் இல்லை. குரூம் என்ற சொல்லே தொடக்கத்தில் அதற்குள் இருந்ததில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் மணமகனைக் குறித்த சொல் பிரூட்குமா. பிரூட் என்பது மணமகள், இன்றைய பிரைடு. குமா என்பது மனிதன், ஆடவன். பேவுல்ஃப் என்ற பழங்காவியத்தில் வீரர்களையும் ஆடவர்களையும் குறிக்க இந்தக் குமா திரும்பத் திரும்ப வருகிறது. இலத்தீனில் மனிதனைக் குறிக்கும் ஹோமோ இதன் உறவுச் சொல். மண்ணைக் குறிக்கும் ஹியூமஸ் என்ற இலத்தீன் சொல்லும் அதே குடும்பம்தான். மண்ணுக்கு உரியவன், மண்ணில் நடப்பவன் என்ற கருத்திலிருந்து மனிதனுக்கு வந்த பெயர் அது. நாம் ஹியூமன் என்று கற்பிக்கும் சொல் இலத்தீன் வழியே சுற்றி வந்தது. குமா ஜெர்மானிய மொழிகளின் வழியே நேராக வந்தது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள்.

இப்போது அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனில் மணமகன் பிராய்டிகாம். டச்சில் பிராய்டகோம். ஸ்வீடிஷில் புரூட்கும். சொல்லின் முதல் பாதியில் ரகரம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் எந்த மொழியிலும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் அந்த இரண்டாவது ரகரம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களை ஐந்து நிமிடம் யோசிக்க விட்டால் போதும், மண்டபத்தில் கிடைத்த சிரிப்பைவிடப் பெரிய மகிழ்ச்சியை அவர்கள் முகத்தில் பார்ப்பீர்கள்.

நடந்தது இதுதான். குமா என்ற சொல் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் கோம் என்ற வடிவில் இன்னும் மூச்சு விட்டது. அன்றாடப் பேச்சில் அதன் இடத்தை மேன் என்ற சொல் பிடித்துக்கொண்டது. தனியாக நின்ற குமா மறைந்த பிறகும் பிரைடுகோம் என்ற கூட்டுச் சொல்லுக்குள் அது ஒளிந்து வாழ்ந்தது. ஆனால் பேசுகிறவர்களுக்கு அந்தக் கோம் யார் என்று தெரியவில்லை. தெரியாத ஒலியை மனித மனம் சும்மா விடாது. பக்கத்தில் குரோம் என்று ஒரு சொல் புழக்கத்தில் இருந்தது; பையன், இளைஞன், ஏவலாள் என்று அதற்குப் பொருள். கோம் இருந்த இடத்தில் குரோமைக் கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். வில்லியம் டிண்டேல் 1526இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் இரண்டாவது ரகரம் ஏறிவிட்டது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலியமும் அதே வடிவைத் தாங்கி நின்றது. கோவிலில் வாரந்தோறும் வாசிக்கப்படும் நூலில் ஒரு வடிவம் ஏறிய பின் அதை யார் இறக்க முடியும்?

குதிரைக்காரன் என்ற பொருளோ அதற்கும் பின்னால்தான் நிலைபெற்றது. குரூம் என்ற சொல் தனியாகக் குதிரைக் காப்பாளனைக் குறிப்பது 17ஆம் நூற்றாண்டில் ஊன்றிய வழக்கு. டிண்டேல் காலத்தில் குரூம் என்றால் பொதுவாக இளைஞன் அல்லது பணியாளன். எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் குரூம் என்ற பட்டத்தோடு மன்னரின் அந்தரங்க அறைக்குள் பணிபுரிந்தவர்களில் பெரும் செல்வாக்குடையவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் லாயத்துக்கும் தொடர்பில்லை. பிரைடுகுரூம் என்பதைச் சுருக்கி வெறும் குரூம் என்று சொல்லும் பழக்கமும் 1600ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில், இன்று நாம் சொல்வதைப் போலவே, பிரைடு அண்டு குரூம் என்று வருகிறது. ஆக, மணமகன் பொருளில் உள்ள குரூம் வேறு. குதிரை லாயத்துக் குரூம் வேறு. ஒலி ஒன்றாகிப்போனதால் அண்ணன் தம்பி என்று நாம்தான் உறவு கற்பித்துவிட்டோம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னியர் விளக்கேந்தி மணமகனை எதிர்கொள்ளப் போகும் உவமை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய தமிழ் விவிலியத்தில் அங்கே இருக்கும் சொல் மணவாளன். பழைய ஆங்கில விவிலியத்தில் அதே இடத்தில் பிரூட்குமா. கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியின் நான்காம் நூற்றாண்டு விவிலியத்திலோ மணமகனுக்குப் புரூத்ஃபத்ஸ் என்று வேறொரு கூட்டுச் சொல். ஃபத்ஸ் என்றால் தலைவன். வடமொழியின் பதி என்ற சொல்லுக்கு உறவு. ஒரே ஆளை ஒருவர் மணமகளின் ஆடவன் என்றார், ஒருவர் மணமகளின் தலைவன் என்றார். வேலைக்காரன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா, எட்டாம் வகுப்புக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை என்றே நினைக்கிறேன். காரணம், இதே கதை நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது, நாம் கவனிப்பதில்லை.

மணமகன் என்று எழுதுகிறோமே, அதில் மகன் யாருக்கு மகன்? மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். அங்கே மகன் என்பது பிள்ளை என்ற பொருளில் வரவில்லை. ஆண்மகன், பெருமகன் என்பவற்றில் இருப்பதைப் போல ஆடவன் என்ற பழைய பொருளில் வருகிறது. குலமகள், மணமகள் என்பவற்றிலும் மகள் என்றால் பெண். தனிச் சொல்லாக நிற்கும்போது மகனுக்கு அந்தப் பழைய பொருள் போய்விட்டது. கூட்டுச் சொல்லுக்குள் மட்டும் தங்கியிருக்கிறது. பிரூட்குமா என்பதும் மணமகன் என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி சொல்லைக் கட்டியிருக்கின்றன. இரண்டிலும் இரண்டாம் பாதி மங்கியிருக்கிறது.

இன்னும் நெருக்கமான சான்று குழந்தைகளின் இடுப்பில் இருக்கிறது. அரைஞாண். அரை என்றால் இடுப்பு, ஞாண் என்றால் கயிறு. வில்லில் கட்டிய நாணைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லைக் கேட்காத தலைமுறைகள் வந்தன. அரைஞாண் அருணா ஆயிற்று. கயிறு என்ற பொருள் உள்ளேயே இருப்பது மறந்துபோனதால் இன்னொரு கயிற்றை ஒட்டி அருணாக்கயிறு என்றார்கள். குமா மறந்த ஆங்கிலேயரும் ஞாண் மறந்த நாமும் செய்தது ஒன்றேதான்.

பிரைடுகுரூமின் உடன்பிறப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நாம் தினமும் தெருவில் பார்க்கிறோம். பிரைடல் மேக்கப், பிரைடல் கலெக்‌ஷன், பிரைடல் பிளவுஸ் என்று கடைப் பலகைகள் நிறைந்திருக்கின்றன. அந்தப் பிரைடல் என்பதை நானும் நெடுங்காலம் உரிச்சொல் என்றே நடத்தினேன். பிரைடு என்ற பெயரோடு அல் என்ற பின்னொட்டு, நேஷனல், மியூசிக்கல் போல என்று. அதுவும் தவறு. பழைய ஆங்கிலத்தில் அது பிரூட்எயலோ. இரண்டாம் பாதி ஏல் என்ற பானம். பார்லியில் காய்ச்சும் ஒருவகை பீர். மணமகளுக்காக ஏல் பரிமாறி நடத்தும் விருந்து என்பது பொருள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏல் என்ற சொல்லே விருந்தையும் குறித்தது. ஊர்த் தேவாலயத்துக்காக நடந்த விருந்துக்குச் சர்ச் ஏல் என்று பெயர். பிரைடல் நெடுங்காலம் பெயர்ச்சொல்லாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஓர் இனிய பகல் பொழுதை மண்ணும் விண்ணும் கொள்ளும் பிரைடல் என்று பாடினார்; அங்கே அது திருமணம். பிறகு வால்பகுதி இலத்தீன் பின்னொட்டைப் போல ஒலித்ததால் மக்கள் அதை உரிச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். விருந்து போயிற்று, பானம் போயிற்று, பின்னொட்டு மட்டும் நின்றது.

ஐலேண்டு கதை இதற்கு நேர்மாறானது. அங்கே தவறு செய்தவர்கள் படித்தவர்கள். தீவைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு லேண்டு சேர்ந்த கூட்டுச் சொல் அது. எழுத்திலும் எஸ் இல்லாமல்தான் இருந்தது. பிரெஞ்சு வழி வந்த ஐல் என்ற சொல்லோடு அதைக் குழப்பி, இலத்தீன் மூலத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து எஸ் எழுத்தைச் செருகினார்கள். அந்த ஒலிக்காத எஸ்ஸுக்காக நாம் எத்தனை குழந்தைகளின் டிக்டேஷன் நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறோம்!

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். பிரைடுகுரூம் விளக்கத்தால் யாருக்கும் பெரிய கேடில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே கத்தியால் வேறு சொற்களையும் வெட்டுகிறோம். உமன் என்ற சொல்லுக்குள் மேன் இருக்கிறது, ஃபீமேல் என்பதற்குள் மேல் இருக்கிறது, ஆணிலிருந்துதான் பெண் என்பதற்கு மொழியே சாட்சி என்று பட்டிமன்றங்களில் பேசுகிறார்கள். வகுப்பிலும் பேசுகிறார்கள். உமன் என்பது விஃப்மன் என்ற பழைய கூட்டுச் சொல். விஃப் என்றால் பெண். மன் என்றால் அந்நாளில் ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக மனித உயிர். பெண்மனிதர் என்பதுதான் சொல்லின் பொருள். ஆணைத் தனியே குறிக்க வெர் என்று வேறு சொல் இருந்தது. அது இன்று வெர்வுல்ஃப் என்ற ஓநாய்மனிதனுக்குள்ளும், யாரும் நினைத்தே பார்க்காத இன்னோர் இடத்தில், வேர்ல்டு என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது: வெர் என்ற மனிதனும் காலத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து மனிதரின் காலம் என்று உலகுக்குப் பெயராயிற்று. நாம் வடமொழியிலிருந்து பெற்ற வீரன் என்ற சொல்லின் மூலமும் இந்த வெர்ரும் ஒரே வேரில் பிறந்தவை. ஃபீமேலோ பிரெஞ்சு மொழியின் ஃபெமெல் என்பதிலிருந்து வந்தது. மேல் என்பதோடு அதற்குப் பிறப்பில் எந்த உறவும் இல்லை. பக்கத்தில் வைத்து வைத்துப் பேசியதால் எழுத்து மாறியது. பதின்மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, தன்னைக் குறிக்கும் சொல்லே ஆணின் ஒட்டு என்று வகுப்பறையில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள் என்றால், அது எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

நம் சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் இந்தக் கதிக்கு ஆளானது. கட்டுமரம். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் கேட்டமரான் என்று எழுதினார். மரங்களைக் கட்டிச் செய்தது என்பது நமக்கு விளக்கத் தேவையில்லாத பொருள். பின்னாளில் அந்தப் பெயர் இரண்டு உடல் கொண்ட படகுகளுக்குப் போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் கொண்ட படகு செய்தபோது, கேட்டமரானை வெட்டி மரான் என்ற துண்டை எடுத்து, முன்னால் மூன்றைக் குறிக்கும் டிரை சேர்த்து டிரைமரான் என்றார்கள். நம் மரம் அங்கே படகின் உடலாகிவிட்டது. வெட்டிய இடம் சரி, கொடுத்த பொருள் வேறு. இதை வகுப்பில் சொன்னால் சொல்லை வெட்டுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

தொல்காப்பியர் உரியியலில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்கிறார். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை, பார்த்தவுடன் தெரியாது என்றுதான் சொல்கிறார். தேடினால் தெரியலாம். ஆங்கிலம் கற்பிக்கும் நாம் இந்த நூற்பாவை ஆங்கிலப் பாடவேளையிலும் சொல்லலாம், தவறில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. கூட்டுச் சொல் பாடத்தில் பெயரும் பெயரும், வினைப்பெயரும் பெயரும் என்று பிரித்துக் காட்டும் பயிற்சி தேர்வுக்குத் தேவைதான், நடத்துங்கள். பிளாக்போர்டு, டூத்பிரஷ் போன்றவற்றில் துண்டுகளைக் கூட்டினால் பொருள் வந்துவிடும். ஆனால் துண்டுகளைக் கூட்டி ஒரு கதை சொல்லத் தோன்றும்போது மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல ஆங்கில அகராதிகளில் சொல்லின் விளக்கத்தோடு அதன் பிறப்பும் சில வரிகளில் தரப்பட்டிருக்கும். நாம் பெரும்பாலும் கண்ணை ஓட்டாத வரிகள் அவை. அவற்றில் பழைய வடிவம் எது என்று பாருங்கள். பழைய வடிவத்தில் அந்தத் துண்டு இல்லையென்றால் நம் கதை கதைதான். அகராதி கையில் இல்லையென்றால், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லலாம். 31 ஆண்டுகளில் இந்த வாக்கியத்தைச் சொன்னதற்காக ஒரு மாணவர்கூட என்னை மதிக்காமல் போனதில்லை. அதைச் சொல்லாமல் விட்ட நாள்கள்தான் அந்த நோட்டுகளில் என்னைப் பார்த்துக் கொண்டிருக்கின்றன.

ஒரு குழந்தை காக்ரோச்சைக் காக் என்றும் ரோச் என்றும் பிரித்து, சேவலுக்கும் கரப்பான்பூச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அதட்டிவிடாதீர்கள். ஸ்பானிய மொழியின் குக்கராச்சாவைக் கேட்ட ஆங்கிலேயர்களும் தெரியாத ஒலியைத் தெரிந்த சொற்களாக மாற்றிக்கொண்டுதான் அந்தப் பெயரைச் செய்தார்கள். 1624இல் கேப்டன் ஜான் ஸ்மித் எழுதியதில் அது இன்னும் ஸ்பானிய வாடையோடு காக்கரூட்ச் என்றே இருக்கிறது. குழந்தையின் கேள்வி நல்ல கேள்வி. அதே கேள்விதான் குமாவைக் குரூமாக்கியது. விடை தேடும் வழியைக் காட்டுவது நம் வேலை.

வரவேற்பு நடந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனிடம், நீ வகுப்பில் கேட்ட விளக்கம் தவறு, உன் ஆசிரியருக்கு முன்பே நானும் அந்தத் தவற்றைச் சொன்னவள் என்று சொல்லி, மேலே எழுதியதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். குமா ஏன் செத்தது என்று கேட்டான். பேசுவதற்கு ஆள் இல்லாமல் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோட்டில் பிரூட்குமா என்று எழுதினான். அதற்கு நேர் கீழே மணமகன் என்று எழுதினான். குமாவிலிருந்து மகனுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, இதைத் திங்கட்கிழமை எங்கள் ஆசிரியரிடம் காட்டலாமா என்று கேட்டான்.

காட்டு என்று அனுப்பியிருக்கிறேன். அவன் உங்களில் யாரிடமாவது வந்து நின்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி அவன் சொல்வதைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை